உலர் எடை

பாடாங் செராய் கடைவரிசையில்
டயர் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
இரத்தம் கழுவும் இடம்.
செருப்பைக் கழற்றியதும் தராசில் ஏற வேண்டும்.

"ஐம்பத்து நாலு புள்ளி ஒன்று" என்கிறார் மிஸ்ஸி ரொஹானா.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில்
இரண்டு கிலோ அறுநூறு கிராம் தண்ணீரை
எங்கோ வைத்திருந்திருக்கிறேன்.
ரசம் இதில் சேரும்.
பல் விளக்கும்போது தெரிந்தே விழுங்கிய
அந்த ஒரு வாயும் சேரும்.

இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில்
இருபத்திரண்டு வருடம் உருளைக்கிழங்கு வெட்டியவள் நான்.
ஐந்து செண்டிமீட்டர். தோல் இருக்கக் கூடாது.
துடைத்து, நிறுத்து,
ஒன்றை வெறும் நீரில், ஒன்றை உப்பு நீரில் போடுவேன்.
நாற்பது நிமிடம் கழித்து
வெறும் நீரில் கிடந்தது குச்சிபோல விறைத்திருக்கும்.
உப்பில் கிடந்ததை
விரலில் மோதிரமாகச் சுற்றலாம்.
மறுபடி துடைப்பேன், நிறுப்பேன்.
கிழங்குக்கு வலிக்குமா என்று
யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

ஒருமுறை யுகேந்திரன் என்ற பையன் விடைத்தாளில் எழுதினான்:
'உப்புக்குப் பயந்து கிழங்கு சுருங்கிவிட்டது.'
ஆசிரியர் சிவப்பில் அடித்து
பக்கத்திலேயே 'சவ்வூடு பரவல்' என்று எழுதினார்.

ஏழாம் நாற்காலி என்னுடையது.
கைத்தடி அளவு இருக்கிறது அந்தக் குழல்,
உள்ளே பத்தாயிரம் மயிரிழைகள்,
ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளல்.
இழைக்குள் என் இரத்தம் கீழே போக
வெளியே மருந்து நீர் மேலே வருகிறது.
இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை.
நடுவில் ஒரு சவ்வு, ஆயிரமாயிரம் துளைகள்.
சிறியது போகும். பெரியது நிற்கும்.
யூரியா போகிறது, பொட்டாசியம் போகிறது,
சிவப்பணு வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.
கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து
குறைவான பக்கத்துக்கு.
யாரும் தள்ளவில்லை.
தண்ணீரை மட்டும்
இயந்திரம் அழுத்தி இழுக்கிறது.

எட்டாம் நாற்காலியில் செவத்தியான்,
முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்.
ஊசி ஏறும் என் கையைத் தினமும் எட்டிப் பார்ப்பார்.
"ஒரே எடத்துல குத்த விடாதம்மா,
மேல ஏத்தி ஏத்திக் குத்தச் சொல்லு.
பட்டை நல்லா இருக்கு,
இன்னும் பத்து வருஷம் வெட்டலாம்."
சிரித்தால் ஊசி வலிக்கும்.
சிரித்தேன்.

விடிவதற்குள் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.
"ராத்திரி பூரா வேர் குடிச்சிருக்கும்,
மரம் விம்மிக்கிட்டு நிக்கும்.
கத்தி பட்டாப் போதும், மங்கு நெறஞ்சிடும்.
வெயில் ஏறிட்டா எலை எல்லாத்தையும் குடிச்சிரும்,
பால் சொட்டோட நின்னுரும்."
இருபத்திரண்டு வருடத்தில்
இவ்வளவு சுருக்கமாக எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

போன மாதம் உணவு ஆலோசகர் வந்தார், சின்னப் பெண்.
"கிழங்கு ஆசையா இருந்தா
பொடிசா வெட்டி ராத்திரி பூரா தண்ணியில போடுங்க.
பொட்டாசியம் இறங்கிரும். அந்தத் தண்ணிய ஊத்திருங்க."
தலையாட்டினேன்.
வீட்டில் கத்தியை எடுத்ததும்
கை தானாக ஐந்து செண்டிமீட்டர் அளந்தது.
காலையில் கலங்கிய நீரைத் தொட்டியில் ஊற்றினேன்.
பொரித்துத் தின்றபோது ருசி பாதிதான் இருந்தது,
மீதிப் பாதி சாக்கடையில்.

மூன்றாம் மணி நேரம்.
இன்று கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டது போல.
கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு
கல்லாகிறது.
மிஸ்ஸி ஓடி வந்து பாதத்தை நெட்டித் தள்ளுகிறார்,
உப்பு நீர் ஏற்றுகிறார்,
செவத்தியான் "ஆண்டவரே" என்கிறார்,
எதிரே ஆ லெங் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறாள்.

வலி விட்டதும் நினைத்துக்கொண்டேன்:
யுகேந்திரனுக்கு நான்
அரை மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன்.

ஐம்பத்தொன்று புள்ளி ஐந்து. உலர் எடை.
மிஸ்ஸி அட்டையில் எழுதி 'பாகூஸ்' என்கிறார்.
வெளியே மழை பிடித்துவிட்டது,
தாமான் பேருந்து வர இன்னும் நேரமிருக்கிறது.
கூரை விளிம்பில் நிற்கிறேன்,
வாயை மூடிக்கொண்டு.